அம்மாவிடம் திட்டு வாங்குகிறவள்

நான் ஜெர்மனிக்குப் போன பிறகு என் அறைக்கு ஒரு ஸ்பெயின்காரி குடிவந்தாள். இதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அறை சும்மாதான் கிடந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை ஒட்டிய தெருக்களில் மாடியில் ஒரு அறை வைத்திருப்பவர்கள் அதைச் சும்மா போட்டு வைப்பதில்லை. எங்கள் தெருவில் கோழிக்கூண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர் குடியிருக்கிறார். அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருந்தாள். மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் நல்லது என்று சொன்னவளே நான்தான். அதனால் இதை எழுதும்போது என் பக்கம் நியாயம் என்று எதுவும் இல்லை. பொறாமை மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நிறைய.

நான் நர்ஸ். வேலூரில் படித்து, சென்னையில் சில வருடங்கள் வேலை பார்த்து, நாக்கு வறள வறள ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு, அந்த நாட்டின் வடக்கே ஒரு நகரத்தில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனேன். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அவள் எங்கள் ஊருக்கு வந்தாள். நான் அவள் கண்டத்துக்குப் போனேன், அவள் என் வீட்டுக்கு வந்தாள். யார் முதலில் புது ஊரில் கால் ஊன்றுவது என்று எங்களுக்குள் யாரும் பந்தயம் வைக்கவில்லை. நானாகத்தான் வைத்துக்கொண்டேன். தோற்றதும் நான்தான்.

முதல் காரணம் மலை. எங்கள் ஊரில் கிழக்கு மேற்கு பார்த்து யாரும் வழி சொல்வதில்லை. "மலையப் பாத்த மாதிரி நேரா போங்க", "மலைக்கு முதுகு காட்டிக்கினு திரும்புங்க" என்றுதான் சொல்வோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் அப்பாவின் நிலத்தில் நின்று பார்த்தாலும் மலை தெரியும். அது தெரிகிற வரைக்கும் நான் தொலைந்து போனதே இல்லை. அந்த ஜெர்மன் நகரமோ தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தது. டிராம் வண்டியிலிருந்து இறங்கியதும் என் கழுத்து தானாக ஒரு சுற்று சுற்றும். எதையோ தேடும். அங்கே ஒன்றும் இருக்காது, மேகம்தான் இருக்கும். பிறகு போனை எடுத்து வரைபடத்தைப் பார்ப்பேன். அதையும் தலைகீழாகப் பிடித்து எதிர்த்திசையில் நடந்து போய், வேலைக்குத் தாமதமாகி நின்றிருக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் ஒரு தோட்டம் உண்டு. நடுவில் சின்னக் குளம், சுற்றி நடைபாதை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருப்பவர்களை அதில் ஒரு சுற்று தள்ளிக்கொண்டு போக வேண்டும். சில வாரங்கள் கழித்து ஒரு கிழவி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பி, "நீ ஏன் எப்போதும் இந்தப் பக்கமாகவே சுற்றுகிறாய்? எனக்கு இடது காதில் மட்டும் காற்று அடிக்கிறது" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. குளத்தை வலது கைப்பக்கம் வைத்தே சுற்றிக்கொண்டிருந்தேன். அது மட்டுமல்ல, கிரிவலத்தில் மலையை ஒட்டிய ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு நாம் இடது ஓரமாக நடப்போமே, அதே போல நடைபாதையின் இடது ஓரமாகவே தள்ளிக்கொண்டும் போயிருக்கிறேன். அங்கே எல்லாரும் வலது ஓரமாக நடப்பவர்கள். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துப் புல்லில் இறங்கி வழிவிட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்த ஊரே அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். அவர் சண்டை போடவில்லை. ஞாயிறு ஓய்வு நாள், சத்தம் கூடாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சிரித்துக்கொண்டே விளக்கிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சட்னி சாப்பிட்டிருப்பேன். அந்தச் சிரிப்பு என்னைப் பல நாள் மிக்ஸியைத் தொடவிடாமல் செய்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுடன் வீடியோவில் பேசுவேன். அங்கேதான் இந்த மேல் வீட்டுப் பெண் வருவாள். அம்மா அவளைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, 'மேல் வீட்டுப் பொண்ணு' என்றுதான் சொல்வாள். முதலில் செய்திகள் சின்னதாக இருந்தன. மேல் வீட்டுப் பொண்ணுக்குக் காரம் ஒத்துக்கவில்லை. மேல் வீட்டுப் பொண்ணு துணியைக் காயப்போடத் தெரியாமல் கொடியில் சுருட்டி வைக்கிறாள். கேட்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னைப் போல அவளும் தடுமாறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. நான் முதியோர் இல்லத்து மேலாளரிடம் லீவு கேட்க நான்கு வாக்கியங்களைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அவள் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்திருந்தாள்.

"ஜாஸ்தி சொல்றீங்கண்ணா, கம்மி பண்ணுங்கண்ணா-ன்றாம்மா. கடைக்காரரு சிரிச்சிக்கினே கொசுறு கறிவேப்பில அள்ளிப் போட்டாரு" என்று அம்மா சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. நான் ஜெர்மன் பரீட்சையில் தேறியதைச் சொன்னபோது இந்தப் பெருமை வரவில்லை. "அப்படியாம்மா, நல்லதும்மா" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு மேல் வீட்டுப் பெண் ரசம் வைத்தாள். பிறகு வாசலில் கோலம் போட்டாள். எதிர் வீட்டுக்காரம்மா அதைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பினார், நான் சந்தோஷப்படுவேன் என்று. புள்ளி கோணலாக இருக்கிறதா என்று போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோணல் இல்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மாவோடு கிரிவலம் போவது நான். சின்ன வயதிலிருந்தே அது என் வேலை. வேலை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஒரு நாளும் ஒழுங்காக நடந்ததில்லை. கால் சுடுகிறது, தாகம் எடுக்கிறது, ஆட்டோ பிடி என்று பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன். அம்மா திட்டிக்கொண்டே இழுத்துப் போவாள். இப்போது என் இடத்தில் மேல் வீட்டுப் பெண் நடக்கிறாள்.

"செருப்பில்லாமதான் நடக்கறா. மூச்சு வாங்காம நடக்கறா. நீயா இருந்தா அடிஅண்ணாமலை தாண்டறதுக்குள்ள அழுதிருப்ப" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வெகு நேரம் அந்த ஸ்பெயின்காரியைப் பற்றிக் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கென்ன, வேலையா வெட்டியா, கம்ப்யூட்டரில் யாருக்கோ மொழி சொல்லிக் கொடுத்துவிட்டு மிச்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பெற்றவள் என்று ஒருத்தி ஸ்பெயினில் இல்லையா? அவளைப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டுமே. நான் ஊரார் வீட்டு அம்மாக்களைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கிறேன், என் அம்மாவோடு ஊரார் வீட்டுப் பெண் மலை சுற்றுகிறாள். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

இருந்தாலும் அதுவரைக்கும் இதெல்லாம் சாதாரணப் பொறாமைதான். தோலுக்கு மேலே அரிக்கிற வகை. அது உள்ளே இறங்கியது அந்த வருடத்துக் கார்த்திகை தீபத்தன்று.

எங்கள் ஊரில் மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீடுகளில் விளக்கு ஏற்றுவோம். அதுவரை அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு அங்கே மதிய நேரம். இல்லத்தின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மொட்டை மாடியில் போனை மலைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். திடீரென்று ஊர் முழுவதும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று குரல் எழும்பியது. உச்சியில் ஒரு புள்ளி எரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்போது போன் ஆடியது. அம்மா அதைக் கையில் பிடித்தபடியே கீழே பார்த்துக் கத்தினாள்.

"ஏய் எரும! எண்ணெய கொட்டாதடி! கண்ணு எங்க வெச்சிருக்க? பாவாடைல பத்திக்கப் போவுது, தூக்கிச் சொருவுடி!"

"சரி சரி, கத்தாதம்மா!" என்று பதில் வந்தது. ஸ்பானிய நாக்கில் எங்கள் வீட்டுத் தமிழ்.

அம்மா போனைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் குரல் அந்த ஒரு நொடியில் மாறியது. "தீபம் பாத்தியாம்மா? நல்லா தெரிஞ்சுதா? சாப்ட்டியா? குளுருக்கு ஒடம்பப் பாத்துக்கம்மா" என்றாள்.

பாத்துக்கம்மா. எனக்கு 'ம்மா', அவளுக்கு 'எரும'. என்னை எருமை என்று சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது என்று யோசித்தேன். விமானம் ஏறியதிலிருந்து அம்மா என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. நான் அழைக்க மறந்தால் "வேலயா இருந்திருப்ப" என்கிறாள். பதில் சொல்லாமல் இருந்தால் "டயர்டா இருக்கியாம்மா" என்கிறாள். கழுதை, தண்டம், சனியனே, நாஷ்டாவைத் தட்டில் மிச்சம் வைக்கிறவளே என்று நான் வளர்ந்த வீட்டில் என்னை அழைக்க எத்தனை பெயர்கள் இருந்தன! அத்தனையும் மாடிக்குப் போய்விட்டன.

அவள் என் அறையில் தூங்குவதைப் பொறுத்துக்கொண்டேன். ரசத்தையும் கோலத்தையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் திட்டை அவள் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகு நான் செய்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அம்மாவிடம் திட்டு வாங்க முயற்சி செய்தேன். இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு வீடியோவில் போய் நின்றேன். வேலூரில் படிக்கும்போது நுனியில் கொஞ்சம் வெட்டியதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அம்மா. இப்போது போனைக் கண்ணருகே கொண்டு வந்து பார்த்துவிட்டு, "அந்த ஊரு தண்ணிக்கு இதான் சௌரியம்மா" என்றாள். மதியம் சாப்பிடுவதே இல்லை என்று பொய் சொன்னேன். "வேல இடத்துல அப்படித்தான், நைட்டு சேத்து சாப்ட்டுக்கம்மா" என்றாள். அமாவாசை என்று தெரியாமல் கறி சாப்பிட்டுவிட்டேன் என்றேன். இது நிஜம். அதற்கும் "தெரியாம தானே, சாமி ஒண்ணும் நெனச்சுக்காது" என்றாள். சாமிக்காக அம்மாவே என்னை மன்னித்துவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

லீவு கிடைத்ததும் ஊருக்கு வந்தேன். சித்திரை வெயில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலை நின்ற இடத்தில் நின்றது. கழுத்து ஒரு சுற்று சுற்றி, அதன் இடத்தில் வந்து நின்றுகொண்டது. ஊருக்கு நான் யார் என்று நினைவிருக்கிறது, வீட்டுக்கும் இருக்கும் என்று நம்பிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

வீட்டில் எனக்கு அம்மாவின் கட்டில். அம்மா தரையில் படுத்தாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அப்பா இருந்த காலத்தில் அவருடைய கலெக்டர் ஆபீஸ் மேலதிகாரி வந்தால் மட்டும் எடுக்கிற கோப்பையில் எனக்குக் காபி வந்தது. தட்டைக் கழுவப் போனால் "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். வெங்காயம் அரியலாம் என்று உட்கார்ந்தால் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். மாடியிலிருந்து அவள் இறங்கி வருவாள். ஒல்லியாக, முடியை உச்சியில் கொண்டை போட்டு, அம்மாவின் பழைய வாயில் புடவையைத் துப்பட்டாவாகக் கிழித்துப் போர்த்திக்கொண்டு வருவாள். நேராக அடுக்களைக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பாள்.

"கைய கழுவிக்கினியாடி?" என்று அம்மா பாய்வாள்.

"கழுவனேன்."

"பொய் சொல்லாத. தெருவுல நாயக் கொஞ்சிட்டு வந்த, நான் பாத்தேன். போடி, போய் கழுவு. அப்பால இந்த வெங்காயத்த அரி."

அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு "அக்கா" என்றாள். என் மேசையில் என் பழைய பாடப்புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கி வைத்திருந்தாள். நல்லவளாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு பிடி கிடைத்திருக்கும்.

சில நாட்கள் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அவள காலி பண்ணச் சொல்லு. எனக்கு என் ரூம் வேணும்."

சொல்லிவிட்டுத் தயாரானேன். சண்டை வரும் என்று தெரியும். வர வேண்டும் என்றுதான் கேட்டேன். நீ வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதுக்கு ரூமு கேக்குதா, பெத்தவள தனியா விட்டுட்டுப் போனவ தானே நீ, வெக்கமா இல்ல உனக்கு என்று அம்மா கேட்பாள். நான் அழுவேன், கத்துவேன், அவளும் கத்துவாள், இரண்டு பேரும் சாப்பிடாமல் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்போம். பிறகு அம்மா தட்டில் சோற்றைப் போட்டு 'கொட்டிக்கோ' என்று நகர்த்துவாள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

அம்மா, "சரிம்மா. உன் ரூம்தானே. சொல்லிடறேன்" என்றாள்.

அவ்வளவுதான். நர்ஸிங் படிக்க ஒரு மாதம் போராடித்தான் சம்மதம் வாங்கினேன். கல்யாணப் பேச்சை ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழிக்க வீட்டையே ரெண்டாக்கியிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் எந்தக் காரியமும் ஒரு சொல்லில் முடிந்ததில்லை. இது முடிந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்ட வருத்தத்தோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அவள் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா அடுக்களை வாசலில் வைத்தே சொன்னாள். அடுத்த மாசத்துக்குள்ள வேற இடம் பாத்துக்கோ, என் பொண்ணுக்கு ரூம் வேணும். நான் கூடத்தில் இருந்தேன். அவள் அழுவாள், அல்லது வெளிநாட்டுக்காரர்கள் செய்வதைப் போலத் தலையாட்டிவிட்டு, சரி புரிகிறது என்று சொல்லிவிட்டுப் போவாள் என்று நினைத்தேன்.

"நான் போ மாட்டேன்" என்றாள்.

"என்னாடி சொன்ன?"

"போ மாட்டேன். நான் எங்க போவேன், நீ சொல்லு. பௌர்ணமிக்கு உங்கூட யாரு வருவா? உன் முட்டிக்கு யாரு தைலம் தேய்ப்பா? அக்காவா வருவா, பிளேன்லயா?"

"வாய மூடுடி! அவள இழுக்காத. என் வூடு, நான் சொன்னா போய்த்தான் ஆவணும்."

"உன் வூடு, உன் வூடு! அப்போ ஏன் என்ன சாப்புட வெச்ச? ஏன் ஜுரத்துல என் பக்கத்துல படுத்த? அப்பவே போன்னு சொல்றதுதானே!"

"ஆமாண்டி, தப்புதான்! ஒன்ன மாதிரி ஒரு பிடாரிய வூட்டுக்குள்ள வுட்டேன் பாரு, என்னத்தான் சொல்லணும். போடி! போய்த் தொல!"

அவள் பால் பாக்கெட்டை மேடையில் எறிந்தாள். அது வெடித்துப் பால் வழிந்தது. "தொலைய மாட்டேன்!" என்று கத்திவிட்டு மாடிப்படி ஏறினாள். மேலே என் அறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படம் ஆடி நின்றது. அந்தக் கதவை அந்த மாதிரிச் சாத்த ஒரு பழக்கம் வேண்டும், கீழே மரம் கொஞ்சம் உரசும், கைப்பிடியைத் தூக்கி இழுக்க வேண்டும். அவளுக்கு அது கைவந்திருந்தது.

அம்மா மேடையில் வழிந்த பாலைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். உட்காரவில்லை.

"நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்காதம்மா" என்றாள் தாழ்ந்த குரலில். "அவ வாய்தான் அப்படி. மனசுல ஒண்ணும் கெடையாது. நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு அம்மா போகவில்லை. மேல் வீட்டுப் பெண்ணுக்காக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"பரவால்லம்மா. அவ இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. மாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்ஸும்மா" என்றாள்.

பிறந்ததிலிருந்து அம்மா எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.